முட்டைகூடச் சாப்பிடாதவன் ரைஃபிள் வாங்கிய கதை

என் மனைவி கௌசல்யா தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களை உயர்த்தி, அவற்றின் மேல் முழங்கைகளை ஊன்றி, எதிரே விரித்து நட்ட இரண்டு குச்சிகளின் கவட்டையில் ரைஃபிளைத் தாங்கியிருந்தாள். இருநூறு கஜத்துக்கு அப்பால், ஒரு பலகையில், பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளுக்குக் கேக் வைத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு வெள்ளைக் காகிதத் தட்டை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க அது தலைவலி மாத்திரை அளவுக்குத்தான் தெரிந்தது.

மூன்று குண்டுகள். மூன்றும் தட்டுக்குள் விழ வேண்டும். இரண்டு விழுந்து ஒன்று வெளியே போனால், "வந்ததற்கு நன்றி, பார்த்துப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார் டார்லீன். நிலம் அவருடையது. சட்டமும் அவருடையது.

காலை வெயில் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லின் வாசனை. எங்கோ ஒரு மாடு இருமியது. பஷீர் பாய் தன் டிரக்கின் பக்கத்தில் முன்னும் பின்னுமாக நடந்தபடி உதட்டுக்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் நிற்பது. வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான்.

மானும் நானும் ஒரே கட்சி

சென்ற வாரம் எங்கள் வீட்டுப் புல்வெட்டும் இயந்திரம் பக்கத்து வீட்டு ரோஜாச் செடியைச் சாப்பிட்ட கதையை எழுதியிருந்தேன். இயந்திரங்களுக்கும் எனக்கும் உள்ள உறவு வாசகர்களுக்குப் பிடிபட்டிருக்கும். அப்படிப்பட்டவன் துப்பாக்கிப் பக்கம் எப்படிப் போனான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் திருநெல்வேலிச் சைவப்பிள்ளை. முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் தள்ளி வைப்பவன். கௌசல்யா கோபிசெட்டிபாளையம். அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பதை வேறொரு வாரம் சொல்கிறேன்; அதற்கு எனக்கே தைரியம் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்து ஆலன் ஊரில் எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு கட்சி ஆட்சி. இடப்பக்கம் வத்தக்குழம்பு, வலப்பக்கம் கோழிக்குழம்பு. கரண்டிகள் கலப்பதில்லை.

பஷீர் பாய் ரிச்சர்ட்சனில் என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் கீழக்கரை. வருடா வருடம் லானோ பக்கம் மான் வேட்டைக்குப் போவார். ஹலால் மான்கறி கடையில் எளிதில் கிடைக்காது; வேண்டுமென்றால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தானே சுட்டுக் கொண்டுவர வேண்டும் என்பார். ஒரு தடவை அவர் வீட்டு விருந்தில் கௌசல்யா அந்தக் கறியைச் சாப்பிட்டாள். நான் தயிர்ச் சாதம் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது காரில் திடீரென்று சொன்னாள்:

"ஏங்க, நானும் வேட்டைக்குப் போறேன்."

"கறி வேணும்னா பாய் கொடுப்பாரே."

"அதுக்கில்லீங்க. இத்தனை வருஷமா பிளாஸ்டிக் கவர்ல வர்றதை வாங்கிச் சமைக்கறேன். அது எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சே பார்க்கறதில்லை. சாப்பிடறவ நான்தானே. ஒரு தடவையாவது முழுசா நானே செய்யணும். செய்ய முடியலைன்னா சாப்பிடறதை விட்டர்றேன்."

கௌசல்யா சொன்னால் சொன்னதுதான். அவள் வேடிக்கைக்குக்கூட ஒரு வார்த்தை விடமாட்டாள். எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னிடம் இருக்கிறது.

டெக்சாஸில் பொதுக் காடு என்று அதிகமாக எதுவும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒருவருடைய நிலம். நாலைந்து பேர் சேர்ந்து, நிலக்காரரிடம் ஒரு பருவத்துக்குக் குத்தகை பேசி வேட்டையாடுவார்கள். பஷீர் பாயின் குழுவில் ஒருவர் வேலை மாறி வேறு மாநிலம் போய்விட, ஓர் இடம் காலியானது. அதற்கு ஹூஸ்டனிலிருந்து ஒரு பல் டாக்டர் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார். பாய், டார்லீனிடம் கௌசல்யாவைப் பற்றிச் சொன்னார். "முதலில் தட்டு, அப்புறம் பேச்சு" என்றாராம் அந்தம்மா.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு விருந்தாளி கண்டபடி சுட்டதில், காயம்பட்ட மான் ஒன்று புதருக்குள் ஓடிவிட்டது. அதைத் தேடி டார்லீன் ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறார். அன்றிலிருந்துதான் தட்டு.

சரி, இதில் நான் எங்கே வந்தேன்? எனக்குத் தூரத்துக் குறியைச் சுடுவது பிடிக்கும். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கிளப்பில் எழுநூறு கஜத்தில் இரும்புத் தகடு தொங்கவிட்டிருப்பார்கள். சுட்ட பிறகு, குண்டு போய்ச் சேர்ந்து, சத்தம் திரும்பி வருவதற்குள் ஒரு முழு மூச்சு விட்டுவிடலாம். அதன் பிறகு மெல்லியதாக ஒரு 'டிங்'. காற்று, தூரம், குண்டு கீழே இறங்கும் கணக்கு எல்லாம் ஒன்றுகூடி வந்து கோயில் மணி அடித்த மாதிரி இருக்கும். அடித்தது பெரும்பாலும் வேறு யாராவதாக இருப்பார்கள் என்பது தனி விஷயம்.

"நீ புல்லு திங்கிற ஆளு மாப்ளே," என்றார் பஷீர் பாய். "மானும் நீயும் ஒரே கட்சி. ஒனக்கு எதுக்குய்யா துப்பாக்கி?"

"இரும்புத் தகட்டுக்கு ரத்தம் வராது பாய்."

"நீ சுட்டா தகட்டுக்குக் கீறல்கூட வராது."

ஒரே மாவில் எல்லாம்

இரண்டு பேருக்கும் ஆசை. ஆனால் ரைஃபிள் ஒன்றுதான். இந்த நிபந்தனையை விதித்தது எங்கள் மகள் யாழினி.

அவள் ஹைஸ்கூல் படிக்கிறாள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். யாராவது துப்பாக்கியோடு நுழைந்துவிட்டால் என்று பள்ளிக்கூடத்தில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மேசைக்கு அடியில் பேசாமல் உட்காரப் பழக்குகிறார்களே, அதைப் பற்றி அதுவரை எங்களிடம் விரிவாகப் பேசியதே இல்லை. அன்று பேசினாள். நாங்கள் கேட்டோம்.

பிறகு இரண்டு நாள் யோசித்து வந்து சொன்னாள்: "ஒன். ஒன்லி ஒன். அண்ட் அம்மா கீப்ஸ் த சேஃப் கோட். நாட் யூ, அப்பா."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"யுவர் பாஸ்வேர்ட் இஸ் யுவர் பர்த்டே. ஃபார் எவ்ரிதிங்."

இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு சேர்த்துத் திருகி இறுக்கினோம். எண் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆக, ஒரே ரைஃபிள், இரண்டு வேலை. வேட்டைக்குக் கனமில்லாததாக வேண்டும். மேடும் கல்லுமாக நாள் முழுக்கத் தூக்கி நடக்க வேண்டும். தூரக் குறிக்குக் கனமானதாக வேண்டும். அசையாமல் கல்லாகக் கிடக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் நாம் யார்? ஒரே மாவில் முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கும் மறுநாள் ஊத்தப்பம் என்று வாழ்ந்து பழகியவர்கள். ஒன்று வாங்கினால் அது எல்லாமும் செய்ய வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

நான் ஓர் எக்செல் போட்டேன். வரிசையாக ரைஃபிள்கள், எதிரே எடை, குழல் நீளம், விசையின் இறுக்கம், பின்னுதை என்று பத்தி பத்தியாக. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு மேல் ஒரு சூத்திரம். வீடு வாங்கும்போதுகூட இவ்வளவு செய்யவில்லை.

போதாதென்று ஊர் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டு வைத்தேன். முதல் பதில்: 'மெம்பர்ஷிப் கடையில டீல் வருமா?' இரண்டாவது: 'ரீசேல் எப்படி?' மூன்றாவது: 'ஹாப்பி பர்த்டே கார்த்திக்.' அதன் பிறகு எல்லோரும் கார்த்திக்கை வாழ்த்தப் போய்விட்டார்கள்.

பிறை தெரிந்த நாள்

எக்செல் சொன்ன பதில், ஒரு முந்நூறு மேக்னம்.

துப்பாக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேக்னம் என்றால் சாதாரணத் தோட்டாவைவிட மருந்து அதிகம். வேகம் அதிகம், தூரம் அதிகம், தோளில் விழும் உதையும் அதிகம். எங்களுக்கு வேண்டியது டெக்சாஸ் மான். அது அப்படியொன்றும் பெரிய மிருகம் இல்லை. இருந்தும் ஏன் மேக்னம்? ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்கப் போனால் "வளர்ற பையன், ரெண்டு இஞ்ச் விட்டே தைங்க" என்பார்களே, அந்த வளர்ப்புதான் காரணம். பிற்காலத்தில் கொலராடோவுக்குப் போய் எல்க் என்ற ராட்சத மானைச் சுட நேர்ந்தால்? யார் சுடுவது என்று கேட்காதீர்கள். தயிர்ச் சாதக்காரன்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு ரேஞ்சில் அதை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். கண்ணை ரைஃபிளின் மேல் பொருத்திய தொலைநோக்கிக்கு வெகு அருகில் கொண்டுபோகக் கூடாது என்று பஷீர் பாய் சொல்லியிருந்தார். நன்றாகத் தெரிய வேண்டுமே என்று நான் கிட்டே போனேன். விசையை அழுத்தினேன். உலகம் ஒரு கணம் வெள்ளையாகிப் பிறகு சிவப்பாகியது. தொலைநோக்கியின் விளிம்பு பின்னால் வந்து என் புருவத்தின் மேல் அச்சுக் குத்தியதுபோல ஓர் அரைவட்டம் வரைந்திருந்தது.

பாய் என் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். துடைத்துவிட்டார். பிளாஸ்திரி ஒட்டினார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"பிறை தெரிஞ்சிருச்சு. நாளைக்கு நோன்பு."

கௌசல்யா சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். "நல்லவேளை, எல்க் பார்க்கலை," என்றாள்.

அலுவலகத்தில் அலமாரிக் கதவு இடித்ததாகச் சொன்னேன். நம்பினார்கள். அலமாரியும் நானும் மோதிக்கொள்வது அவர்களுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மேக்னம் பட்டியலிலிருந்து போனது. அடுத்து ஒரு கனமான, நீளக் குழல் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தேன். மிதமான தோட்டா, மணியான விசை. கடையில் எடுத்து வைக்கச் சொல்லியும் ஆயிற்று. தினமும் போனில் அதன் படத்தைப் பார்த்துக்கொள்வேன். என் சூத்திரத்தில் அதற்குத்தான் முதலிடம்.

கோளாறு எங்கே

இதற்கிடையில் கௌசல்யா பஷீர் பாயின் ரைஃபிளை வாங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். வேட்டைக்கான பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதி, உரிமமும் எடுத்தாகிவிட்டது. ஆனால் தட்டுதான் மசியவில்லை. ஒரு குண்டு உள்ளே விழும், அடுத்தது வெளியே, அதற்கடுத்தது எங்கே போனது என்றே தெரியாது. டார்லீன் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் காரணங்களை அடுக்கினேன். காற்று. தோட்டாப் பெட்டி மாறிவிட்டது. பெஞ்ச் ஆடுகிறது. தொலைநோக்கியில் ஏதோ கோளாறு. நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். தப்பு எங்கே இருந்தாலும் நம் பக்கம் இல்லை என்று நிரூபிப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு.

கௌசல்யா அப்படியில்லை. அவள் சாஃப்ட்வேரைச் சோதிக்கிறவள், டெஸ்டிங் லீட். எங்களைப் போன்றவர்கள் "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லும்போது, பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓடவில்லை என்று காட்டுகிறவள்.

அந்தச் சனிக்கிழமை ரேஞ்சில் அவள் சுடுவதை நிறுத்தினாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்," என்றாள். "பஷீர் அண்ணா, இதே தோட்டா, இதே பெஞ்ச். நீங்க சுடுங்க."

பாய் சுட்டார். மூன்றும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின.

"இப்ப நீங்க."

நான் சுட்டேன். எலுமிச்சம்பழம் இல்லை, பப்பாளி. ஆனால் தட்டுக்குள்ளேயே விழுந்தன.

"ஆக, ரைஃபிள் சரி, தோட்டா சரி, பெஞ்ச் சரி. கோளாறு என்கிட்டத்தான்." குரலில் வருத்தமே இல்லை. பாதி வேலை முடிந்துவிட்ட திருப்திதான் தெரிந்தது.

ரைஃபிளைக் காலி செய்து, பாய் உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்; அவளும் பார்த்தாள். பிறகு குழலின் மேல், நுனிக்குப் பக்கத்தில், ஒரு கால் டாலர் நாணயத்தைப் படுக்க வைக்கச் சொன்னாள். வெற்று விசையை அழுத்தினாள். நாணயம் கீழே விழுந்தது. மறுபடி வைத்தோம். மறுபடி விழுந்தது. விசையை இழுக்கும்போது அவள் வலது ஆட்காட்டி விரல் ரைஃபிளையே கொஞ்சம் இழுத்துவிடுகிறது.

"பிராக்டிஸ் பண்ணா சரியாயிரும் தங்கச்சி," என்றார் பாய்.

"இருங்கண்ணா. இன்னொண்ணும் இருக்குது. இடது கண்ணை மூடினா மூட மாட்டேங்குது. ரெண்டும் சேர்ந்தே மூடிக்குது. வலது கண்ணை மட்டும் மூடச் சொன்னா அழகா மூடுது."

எனக்குச் சுருக்கென்றது. சுடும்போதெல்லாம் அவள் முகம் புளியங்காயைக் கடித்தாற்போல் கோணிக்கொள்ளும். அதை நான் மனக்குவிப்பு என்று நினைத்து வியந்துகொண்டிருந்தேன். அவள் மூட முடியாத கண்ணை மூடப் போராடியிருக்கிறாள். அந்தப் போராட்டத்தில் கன்னம் ரைஃபிளிலிருந்து எழும்பிவிடுகிறது.

கௌசல்யா சற்று யோசித்தாள். பிறகு ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றினாள். நாணயத்தை வைக்கச் சொன்னாள். இடது விரலால் அழுத்தினாள்.

நாணயம் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். ஆணியடித்த மாதிரி இருந்தது.

மூன்று பேரும் அந்த நாணயத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் இடது கைக்காரிங்க," என்றாள் மெதுவாக. ஏதோ தூரத்துச் சொந்தத்தை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி. "மறந்தே போச்சு."

மூன்றாம் வகுப்பு வரை இடது கையால்தான் எழுதியிருக்கிறாள். பீச்சாங்கைப் பழக்கம் ஆகாது என்று வீட்டிலும் சொல்ல, வகுப்பு டீச்சர் மர ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டி மாற்றியிருக்கிறார். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கைக்கு வந்துவிட்டன. மற்றவையெல்லாம் யாரும் கவனிக்காத இடங்களில் இடது கையிலேயே தங்கிவிட்டன. தோசை திருப்புவது. கத்தரிக்கோல். கதவைத் திறப்பது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அவள் மவுஸ் எப்போதும் இடப்பக்கம் இருக்கும். ஒயர் நீளம் போதவில்லை என்று நினைத்து நான் அவளுக்கு ஒயரில்லாத மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவள் இடப்பக்கமே வைத்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் தோளைத் தட்டியிருக்கலாம். ஆனால் என் மனத்தில் ஓடியது கடையில் எடுத்து வைத்திருந்த அந்த அழகான, நீளக் குழல் ரைஃபிள். அதில் ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம். வீட்டுக்கு ஒரு ரைஃபிள்தான்.

"இதுக்காக எல்லாத்தையும் மாத்தணுமா?" என்றேன். "கொஞ்சம் டிரை பண்ணா வலது கையே செட் ஆயிடும் கௌசி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"எங்க மூணாங்கிளாஸ் டீச்சரும் இதையேதான் சொன்னாங்க."

பஷீர் பாய் திடீரென்று தரையிலிருந்த கூழாங்கற்களை ரொம்ப ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் போனை எடுத்தேன். கடைக்குப் பேசி, எடுத்து வைத்ததைத் திருப்பி வைத்துவிடச் சொன்னேன்.

கடைசி இடத்தில் இருந்தது

அன்று மாலை எக்செல்லில் 'இடது கை' என்று ஒரு வடிகட்டி போட்டேன். அத்தனை வரிசைகளும் மளமளவென்று மறைந்து, மூன்றே மூன்று மிஞ்சின. உலகம் வலது கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை என் லேப்டாப் திரையில் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கடையில் அந்த மூன்றையும் எடுத்து வைத்தார்கள். முதலாவது அவள் தோளுக்கு நீளம். இரண்டாவது கனம். மூன்றாவதை எடுத்தவள், கண்களை மூடிக்கொண்டு தோளில் பொருத்திக் கன்னத்தைச் சாய்த்தாள். பிறகு இடது கண்ணைத் திறந்தாள். தொலைநோக்கிக்குள் காட்சி முழுவட்டமாக, ஓரத்தில் நிழலே இல்லாமல் விழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் கழுத்தை நகர்த்தவேயில்லை. முகம் கோணவில்லை. வலது கண் தானாகச் சாந்தமாக மூடியிருந்தது.

"இதுங்க," என்றாள்.

என் சூத்திரத்தில் அதற்குக் கடைசி இடம்.

ஆனால் சொல்ல வேண்டும், அது ஒரு நல்ல ரைஃபிள். மிகக் கனமும் இல்லை, இலேசும் இல்லை. தூக்கினால் எடை கையின் நடுவில் வந்து உட்காரும். ஆறரை கிரீட்மூர் என்ற தோட்டா. மானுக்குத் தாராளம், தோளுக்கு இதம், இரும்புத் தகட்டுக்கும் எட்டும். போல்ட்டைத் தள்ளி மூடினால் எண்ணெய் போட்ட பூட்டு விழுவதுபோல ஒரு குளிர்ந்த சத்தம். விசையில் தயக்கமே கிடையாது. கண்ணாடித் தண்டு ஒடிவதுபோல், முன்னறிவிப்பு இல்லாமல் விடுபடும். இதை உருவாக்கியவர்கள் எவரோ, அவர்கள் அவசரப்படாதவர்கள்.

அதன் பிறகு வார இறுதிகளில் அவள் பழகியதைப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்கு ஒரு படிப்பு. மாற்றிக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். நெரிசல் பஸ்ஸில் நெடுநேரம் ஒற்றைக்காலில் நின்றவர், இறங்கியதும் மறுகாலை ஊன்றுவதுபோல இருந்தது.

தட்டு

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. குச்சிகள், காய்ந்த புல், மாத்திரை அளவுத் தட்டு.

டார்லீன் எழுபதைத் தாண்டியவர். வைக்கோல் தொப்பி, முழங்கால் வரை சேறு. ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி வழியாகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குண்டு. சத்தம் மலைச்சரிவில் உருண்டு திரும்பியது.

"ஒன்று," என்றார் டார்லீன் ஆங்கிலத்தில்.

கௌசல்யா கன்னத்தை எடுக்காமலேயே இடது கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். எத்தனையோ காலமாக அதையே செய்பவள்போல. இரண்டாவது குண்டு.

"இரண்டு."

பஷீர் பாய் நடப்பதை நிறுத்திவிட்டார். நான் மூச்சை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வரவில்லை. கௌசல்யாவின் தோள் ஏறி இறங்கியது. விரல் விசைக்குப் போனது, திரும்பியது. பிறகு அவள் போல்ட்டைத் திறந்து, ரைஃபிளை மடியில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்குள் ஒரு நூறு ஆலோசனைகள் முண்டியடித்தன. காற்று, மூச்சு, தோள், கன்னம். வாயைத் திறந்தேவிட்டேன். பாய் என் காலை மிதித்தார்.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டார் டார்லீன்.

"மூச்சு சரியா இல்லை," என்றாள் கௌசல்யா ஆங்கிலத்தில். "கொஞ்சம் டைம் வேணும்."

"மானும் உனக்கு டைம் கொடுக்குமா?"

"கொடுக்காது. கொடுக்கலைன்னா சுட மாட்டேன்."

டார்லீன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

கௌசல்யா தண்ணீர் குடித்தாள். வானத்தைப் பார்த்தாள். மீண்டும் தோளில் பொருத்தினாள். இந்தத் தடவை நான் தட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். கணினித் திரையில் ஏதோ ஒரு வரியைப் படிக்கும் முகம். அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"மூன்று."

நடந்துபோய்ப் பார்த்தோம். மூன்று துளைகளையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது. பஷீர் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த டாக்டரு பல்லையே புடுங்கட்டும்," என்றார்.

டார்லீன் கௌசல்யாவை வேலிக் கதவு வரை கூட்டிப் போனார். அதில் எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. எண்ணை அவள் காதில் சொல்லி, ஒரு தடவை அழுத்தித் திறக்கச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். "உனக்கு இல்லை," என்றார். ஆக, எனக்குத் தெரியாத எண்கள் இரண்டாயின.

அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒரே ஒரு மான் சுட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். அதற்கு முன் வந்த இரண்டை விட்டுவிட்டாள். ஒன்று தூரம், ஒன்று சரியாகத் திரும்பவில்லை. மூன்றாவது நின்ற இடத்திலேயே விழுந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தபடி நெடுநேரம் இருந்தாள். டிரக்கில் ஏற்றும்போது பின்னங்காலை நான் பிடித்தேன். இன்னும் சூடாக இருந்தது. வீட்டில் அந்தக் கறியைக் கௌசல்யா ஒரு துண்டுகூட வீணாக்காமல் சமைத்தாள். நான் வழக்கம்போல இடப்பக்க அடுப்பில்தான் இருந்தேன். ஆனால் அன்று அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன்.

வேட்டைப் பருவம் முடிந்ததும் ரைஃபிள் என் முறைக்கு வந்தது. கிளப்புக்குப் போனோம். எழுநூறு கஜம், இரும்புத் தகடு. நான் குப்புறப் படுத்தேன். எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தது. போல்ட்டை இழுக்க ஒவ்வொரு தடவையும் கையை மேலே கொண்டுபோய் அந்தப் பக்கம் தாண்ட வேண்டும். அதற்குள் கன்னம் எழும்பிவிடும், குறி கலைந்துவிடும். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு சூடாக என் இடது கையில் வந்து விழுந்தது. தகடு அசையாமல் தொங்கியது. பக்கத்துப் பெஞ்சுக்காரர் அனுதாபமாகப் பார்த்தார்.

"இது எனக்கு ஏத்த மாதிரியே இல்லை கௌசி," என்றேன். "கையும் வர மாட்டேங்குது, கண்ணும் வர மாட்டேங்குது."

அவள் எனக்காகத் தொலைநோக்கியில் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல அப்படித்தான் இருக்கும்," என்றாள். "பழகிரும். எனக்குப் பழகலையா?"